ஆங்கில இலக்கியம் படிப்பது ஆங்கிலம் பேசப் பழகுவதற்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையில், இளங்கலை ஆங்கில மொழி, இலக்கியப் படிப்புக்கு மொத்தம் மூன்று வரி. சரளமாக ஆங்கிலம் பேச ஆசைப்படுபவர்கள் சேரலாம், கணக்கும் அறிவியலும் வராதவர்களுக்கு எளிதாக இருக்கும், முடித்தால் ஆசிரியர் வேலைக்குப் போகலாம். அவ்வளவுதான். முதல் இரண்டும் தவறு, மூன்றாவது பாதி சரி. இந்தப் பாடத்தைத்தான் நான் பல வருடங்களாகக் கல்லூரியில் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வாரம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மூன்று வரியை நம்பி வந்தவர்கள் என்பதால் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஹேம்லெட் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பேச்சு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெற்றோர் சிலர் துறைக்கே வந்து கேட்பது உண்டு. "ரெண்டு வருஷமா இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிறான் சார், போன்ல யாராவது இங்கிலீஷ்ல பேசினா இன்னும் அக்காகிட்ட குடுத்துட்டு ஓடிடறான்." அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை, அப்படிச் சொல்லித்தானே சேர்த்துவிட்டார்கள். ஆனால் பேச்சு பேசித்தான் வரும். அறுபது எழுபது பேர் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்கும் வகுப்பில், அவர் மில்டனைப் பற்றிப் பேசினாலும் சரி, வேறு எதைப் பற்றிப் பேசினாலும் சரி, கேட்பவருக்கு நாக்கு புரளாது. பேச்சுக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, அதற்கு ஆகும் காலமும் குறைவு. அதற்காக ஒரு பட்டப்படிப்பையே செலவழிப்பது வீண். இன்னொன்றையும் பார்க்கிறேன். பள்ளியிலிருந்தே ஆங்கிலம் பொழிந்து பழகிய சில பிள்ளைகள், ஒரு சின்னக் கவிதையைக் கையில் கொடுத்தால் திணறிவிடுகிறார்கள். கண் மேலோட்டமாக ஓடிவிடுகிறது. தாய்மொழியில் படித்துவிட்டு வந்து ஒவ்வொரு சொல்லாக அகராதியைப் புரட்டிப் படிக்கிறவர் நின்று பார்க்கும் இடத்தை இவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எப்போதும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் கவனிக்கும் அளவுக்கு நடக்கிறது.

அப்படியானால் இந்தப் படிப்பில் என்னதான் கற்றுத்தருகிறோம்? வாசிக்கக் கற்றுத்தருகிறோம், அல்லது கற்றுத்தர வேண்டும். எழுதியவர் ஏன் இந்தச் சொல்லை இந்த இடத்தில் வைத்தார், பக்கத்தில் வேறு எதை வைத்திருக்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்க்கத் தெரிந்த வாசிப்பு. வெறுமனே சொன்னால் புரியாது, ஒரு இடத்தையே எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகம், மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. அரசி கெர்ட்ரூட் மகனைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். கணவன் இறந்த சூடு ஆறுவதற்குள் அவனுடைய தம்பி கிளாடியஸை மணந்துகொண்டவள் அவள். அந்தக் கிளாடியஸ்தான் அண்ணனைக் கொன்றவன் என்பது ஹேம்லெட்டுக்கு இப்போது தெரியும். உள்ளே வந்தவனிடம் தாய் சொல்கிறாள்: "ஹேம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்." அவன் பதில்: "அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்." கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். வகுப்பில் இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு பேரும் சொல்லும் தந்தை ஒரே ஆள்தானா என்று கேட்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள்: அவள் சொல்வது புதுக் கணவனை, இவன் சொல்வது செத்துப்போனவரை.

அதோடு முடியவில்லை. தாய் 'தௌ' என்று ஒருமையில் ஆரம்பிக்கிறாள். மகன் 'யூ' என்று விலகி நின்று பதில் சொல்கிறான். அடுத்த வரியிலேயே தாயும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். பெற்ற பிள்ளையை நீ என்று கூப்பிட்டவள் ஒரு நொடியில் நீங்கள் என்று பேசினால் அந்த அறைக்குள் என்ன ஆகிவிட்டது என்பதைத் தமிழில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் ராஜாவுக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே 'யூ'தான் என்பதால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்குத்தான் இங்கே அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. நமக்கு ஆங்கிலம் தூரம் என்று கூசி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கைப்பிடி! ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்தில் இது கறாரான விதியாக இல்லை, ஒரே ஆளிடம் இரண்டையும் கலந்து பேசுவதும் சாதாரணம். இதைச் சொல்லாவிட்டால் அடுத்த தேர்வில் நாடகத்தில் வரும் அத்தனை 'யூ'வும் கோபம் என்று எழுதிவைத்துவிடுவார்கள். ஆனால் இந்த இடத்தில் அவர் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார், இரண்டு வாக்கியத்தையும் அச்சு வார்த்தாற்போல் அடுத்தடுத்து வைத்திருப்பதிலேயே அது தெரிகிறது.

இதே காட்சிக்குக் கைடில் என்ன இருக்கும்? ஹேம்லெட் தாயின் தவறை உணர்த்துகிறான், அரசவை ஆலோசகன் பொலோனியஸ் கொல்லப்படுகிறான், தந்தையின் ஆவி மறுபடி தோன்றுகிறது. மூன்றும் உண்மைதான். இந்த மூன்றையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறவர் நாடகத்தில் ஒரு வரியைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

இப்போது பட்டத்தின் பெயருக்கு வருகிறேன். மொழி, இலக்கியம் என்று இரண்டும் பெயரில் இருக்கின்றன. நடைமுறையில் இலக்கியத்துக்குப் பல தாள்கள், மொழிக்கு ஒன்றோ இரண்டோ, அவையும் இலக்கியத் தாள்களின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மொழி வரலாற்றுத் தாளில் 'பெரும் உயிரொலி மாற்றம்' என்று ஒரு சிறுகுறிப்பு தவறாமல் வரும். ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம் மாறின, இதற்குப் பெயர் வைத்தவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன், இவ்வளவு எழுதினால் ஐந்துக்கு ஐந்து. பக்கத்து வகுப்பில் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் பாடம் நடந்துகொண்டிருக்கும். 1400இல் இறந்த அந்த மனிதர் இன்றைய 'நேம்' என்பதை ஏறக்குறைய 'நாம' என்றும், 'டைம்' என்பதைத் 'தீம' என்றும், 'ஹவுஸ்' என்பதை 'ஹூஸ்' என்றும் சொல்லியிருப்பார் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவதில்லை. காட்டினால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் விளங்கும். சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஈ' (e) எழுத்தை இன்றுபோல விழுங்கிவிட்டால் அவருடைய பல வரிகளில் ஒரு அசை குறைந்து சந்தம் நொண்டும் என்பது ஒன்று. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்பது இன்னொன்று. கேக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்ததற்கு அப்புறம் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துகொண்டே போனது, உச்சரிப்பு மட்டும் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லுக்கு முன்னால் எதற்கு ஒரு 'கே' என்று பள்ளியில் கேட்டுத் திட்டு வாங்கியவர்களுக்கு, ஒரு காலத்தில் அது உண்மையிலேயே வாயில் ஒலித்த எழுத்து என்று தெரிந்தால் எவ்வளவு ஆறுதல்!

ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்டின் (சானெட் என்பது பதினான்கு வரிக் கவிதை) கடைசி ஈரடியில் 'ப்ரூவ்ட்' என்ற சொல்லும் 'லவ்ட்' என்ற சொல்லும் இயைபாக வருகின்றன. இன்று படித்தால் ஒட்டாது. 1609இல் அந்த நூல் அச்சானபோது வாசித்தவர்களின் காதில் அவை பொருந்தியே விழுந்திருக்கும். மொழி வரலாற்றில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவரே கவிதைத் தாளில் 'இங்கே கவிஞர் இயைபைத் தவறவிட்டார்' என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். குற்றம் அவருடையது இல்லை. இரண்டு தாளும் ஒரே மொழியைப் பற்றியவை என்று நாங்கள் அவருக்குக் காட்டவே இல்லை.

ஒலியியல் தாளிலும் இதே கதைதான். எழுத்து 26, ஒலி சுமார் 44, அதில் உயிரொலி மட்டும் 20 என்று பிரிட்டனில் தரமானது என்று கருதப்படும் 'ஆர்.பி.' உச்சரிப்பை வைத்துக் கணக்குச் சொல்கிறோம். பிரிட்டனிலேயே மிகச் சிறிய பகுதியினர்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. குறியீடுகளை மனப்பாடம் செய்து சொற்களைப் பெயர்த்து எழுதியதும் தாள் முடிந்துவிடும். சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்ற பாடம்தான் கவிதை வாசிக்க உண்மையில் உதவுவது, அதைக் கடைசி வாரத்தில் ஓட்டிவிடுகிறோம். நம் யாப்பில் குறில் நெடில் பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கிறோம், ஆங்கில யாப்போ அசைமேல் விழும் அழுத்தத்தை வைத்து நடப்பது. தமிழ்க் காது எல்லா அசைக்கும் ஏறத்தாழ ஒரே எடையைக் கொடுத்துவிடுவதால், அயாம்பிக் பென்டாமீட்டர் (அழுத்தமில்லாத அசை ஒன்று, அழுத்தமான அசை ஒன்று என்று ஐந்து சோடி வரும் வரி) என்றால் பத்து அசை என்று விரல்விட்டு எண்ணி முடித்துவிடுகிறது. மேசையில் தட்டித் தட்டி, எல்லோரையும் உரக்கப் படிக்க வைத்தால் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சரி, எளிதான படிப்பு என்ற பேச்சு. இந்தச் சந்தேகம் பழையது. இன்று யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் எனப்படும் நிறுவனத்தில் 1828லேயே ஆங்கிலத்துக்குப் பேராசிரியர் இருந்தார். இந்தியாவில் 1835இல் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு வந்த பிறகு அரசுப் பணம் ஆங்கிலக் கல்விக்குப் போனது, இலக்கியமும் கூடவே வகுப்பறைக்குள் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு மட்டும் ஆங்கிலத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றது 1894இல். ஆளப்படுகிறவனுக்குப் பொருத்தமென்று கொடுத்த பாடத்தை ஆளுகிறவன் தன் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ள ஏறத்தாழ 60 வருடம் யோசித்திருக்கிறான். 1887இல் அங்கே இந்தப் பேச்சு வந்தபோது வரலாற்றுப் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன், கவிஞர் ஷெல்லியைப் பற்றி அரட்டையடிப்பதற்கெல்லாம் பட்டமா என்ற தொனியில் எதிர்த்தார். ரசனையைத் தேர்வில் எப்படி அளப்பது என்பது அவர்கள் கேள்வி. அதைச் சமாளிக்கத்தான் பழைய ஆங்கிலம், சொல் வரலாறு என்று கடினமான மொழிப் பகுதியைக் கனமாகச் சேர்த்தார்கள். பட்டத்தின் பெயரில் மொழியும் இலக்கியமும் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இந்தச் சண்டையும் இருக்கிறது. ஃப்ரீமன் கேட்ட கேள்வி மோசமான கேள்வி இல்லை என்றே நினைக்கிறேன், இன்று வரை நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஒருவர் முயன்று பார்த்தார். கேம்பிரிட்ஜில் 1920களில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிதைகளை எழுதியவர் பெயரையும் காலத்தையும் எடுத்துவிட்டு மாணவர்களிடம் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படித்து, மனதில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். வந்ததையெல்லாம் வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடக் கவிதையின் நேர்ப்பொருளையே கோட்டைவிட்டிருந்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் தலையில் தூக்கி வைத்திருக்கும் கவிஞர்களை அலட்சியமாக ஒதுக்கியிருந்தார்கள். எளிதான படிப்பு என்பவர்கள் ஒரே ஒரு முறை, பெயர் தெரியாத பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யாரிடம் பேசுகிறார், எந்த இடத்தில் தொனி மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.

எங்கள் தேர்வுகள் இதைக் கேட்பதில்லை. கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, கருப்பொருள். கேள்விகளும் பழைய வினாத்தாள்களிலிருந்து சுற்றிச் சுற்றி வருபவை. ஒருமுறை விடைத்தாள் திருத்தும்போது, ஜேன் ஏர் நாவலின் முடிவில் தீ விபத்தில் நாயகன் ரோச்செஸ்டர் ஒரு காலை இழக்கிறார் என்று ஒரு தாளில் இருந்தது. நாவலில் அவர் இழப்பது ஒரு கையையும் கண்பார்வையையும். சரி, ஏதோ ஞாபகப் பிசகு என்று அரை மதிப்பெண் குறைத்தேன். அடுத்த தாளிலும் கால். அதற்கடுத்ததிலும் கால். கட்டு முடிவதற்குள் அந்த மனிதரின் கால் பாதி வகுப்பின் விடைத்தாளில் போயிருந்தது. விசாரித்தால் எல்லோரும் படித்தது ஒரே கைடு, பிழை அதில் அச்சானது. நாவலைத் திறந்து பார்த்தவர் அந்தக் கட்டில் யார் என்பது எனக்கு அன்றைக்குக் கண்ணாடிபோலத் தெரிந்துவிட்டது, அந்த வகையில் கைடு போட்டவருக்கு நன்றி.

இப்போது சுருக்கம் எழுதித் தர மென்பொருளே வந்துவிட்டது, கேட்ட மாத்திரத்தில் தருகிறது, கைடை விடச் சுத்தமான ஆங்கிலத்தில். மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. இயந்திரம் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவதை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லி, அதற்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருப்பது நாங்கள்தான். இதை மாற்றப் பெரிய பணம் தேவையில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியாவது முன்பின் பார்க்காத கவிதையோ உரைநடைப் பகுதியோ கொடுத்துக் கேட்பதாக இருக்கட்டும். மற்றக் கேள்விகளுக்கு மூல நூலையே தேர்வறைக்குள் கொண்டுவர விடுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டும், படிக்காதவர் எதுவும் எழுத முடியாது, எந்தப் பக்கத்தில் தேடுவது என்றே தெரியாது. இதைத் துறைக் கூட்டங்களில் சொன்னால் உடனே வரும் பதில், பலவீனமான மாணவர்கள் தோற்றுவிடுவார்கள் என்பது. வகுப்புத் தேர்வில் இதை நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன். முதல் இரண்டு முறை எல்லோரும் திணறுவார்கள், பலமானவர்கள் என்று நாம் நினைப்பவர்களும் சேர்த்து. அப்புறம் பழகிவிடுகிறார்கள். இலக்கணப் பிழையோடு எழுதப்பட்ட உண்மையான ஒரு கவனிப்புக்கு நான் மதிப்பெண் போடுவேன், பிழையில்லாத மனப்பாடத்துக்குப் போட மனம் வருவதில்லை.

பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு எப்போதும் எழும். இன்னும் எதற்கு வெள்ளைக்காரன் இலக்கியம்? நியாயமான கேள்வி, இந்தத் துறைக்குள்ளேயே உரக்கக் கேட்கப்பட்ட கேள்வியும்கூட. 1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் அவருடைய இரண்டு சக ஆசிரியர்களும், ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து ஒரு இலக்கியத் துறை அமைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, எல்லோரும் பெரிய நாவல் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' ஆப்பிரிக்கர்களை மனிதர்களாகவே காட்டவில்லை என்று போட்டு உடைத்தார். டொமினிகா தீவில் பிறந்த ஜீன் ரிஸ், 1847இல் வந்த ஜேன் ஏரில் மாடி அறையில் பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்ட பெண்ணின் கதையை 1966இல் தனி நாவலாக எழுதினார். இந்த மூன்றிலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: மூவருமே எதிர்த்த இலக்கியத்தை ஊன்றி வாசித்தவர்கள். அச்சிபியின் வாதம் கான்ராடின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போடுவதில் நிற்கிறது. கான்ராடின் நாவலைத் திறக்காமல் 'காலனிய மனோபாவம்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் போவது அச்சிபிக்கும் மரியாதை இல்லை.

இந்தத் தாக்கத்தால் இப்போது ஆப்பிரிக்க, கரீபிய, தெற்காசிய எழுத்தெல்லாம் பாடத்தில் இருக்கிறது. நல்லது, மகிழ்ச்சி. ஆனால் புதிதைச் சேர்த்தவர்கள் பழையதில் எதையும் எடுக்கவில்லை. சாசரிலிருந்து நேற்று பரிசு வாங்கிய நாவல் வரைக்கும் எல்லாரையும் உள்ளே தள்ளியாக வேண்டும் என்பதால் ஆளுக்கு ஒரு கவிதை, நாவலென்றால் இரண்டு அத்தியாயம், காவியமென்றால் ஐம்பது வரி. கூடவே தியரி (இலக்கியக் கோட்பாடு) என்று ஒரு தாள், அதில் மொழியியலாளர் சசூரும் தத்துவவாதி டெரிடாவும் ஆளுக்கொரு பக்கக் குறிப்பாக வந்து போவார்கள். நான் கேட்பது பாதியாகக் குறைக்க வேண்டும் என்று. ஒரு செமஸ்டருக்கு ஒரு நாடகம், ஒரு நாவல், பத்துப் பதினைந்து கவிதை போதும், முழுசாக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. அதனால் கவிஞர் ஸ்பென்சரைத் தெரியாமல் ஒருவர் பட்டம் வாங்கிவிடுவாரே என்றால், வாங்கட்டும். இப்போது வாங்குகிறவருக்கு ஸ்பென்சரின் பிறந்த வருடம்தான் தெரியும்.

வேலை விஷயம் சுருக்கமாக. இந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கும் ஒரே ஒரு வேலை என்று எதுவும் கிடையாது, பள்ளியில் ஆசிரியராவதற்குக்கூடப் பெரும்பாலும் அதற்கு மேல் கல்வியியல் தகுதி வேண்டும். பதிப்பகம், பத்திரிகை, மொழிபெயர்ப்பு, படங்களுக்குத் துணைத்தலைப்பு, சட்டம், நிர்வாகம் என்று பல இடங்களில் எங்கள் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அங்கே கொண்டுபோனது ஒரு பக்கத்தை வாசித்து அதில் எது இடறுகிறது என்று சொல்லத் தெரிந்ததும், அதைத் திருத்தி எழுதத் தெரிந்ததும்தான். திருத்தி எழுத வர வேண்டுமானால் வாரம் ஒரு பக்கமாவது எழுதி, யாராவது சிவப்பு மையில் கிறுக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அத்தனை பேரின் தாளையும் திருத்த ஆசிரியருக்கு நேரமில்லை என்பது உண்மை. அப்படியானால் மாணவர்களே இரண்டு இரண்டு பேராக மாற்றிக்கொண்டு திருத்தட்டும், அதுவும் வேலை செய்கிறது.

சேரப்போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வாங்க வசதியில்லை என்பது இந்தப் படிப்பில் தடையே இல்லை. 1971இல் தொடங்கிய ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் காப்புரிமை முடிந்த நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இளங்கலையில் வரும் பழைய நூல்களில் பெரும்பகுதி அதில் உண்டு. லிப்ரிவாக்ஸ் தளத்தில் அதே வகை நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், எல்லாக் குரலும் நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாடகத்தை மட்டும் குறிப்புகளோடு வந்த நல்ல பதிப்பில் படியுங்கள், நூலகத்தில் எடுத்தாவது. ஏன் என்றால், ஹேம்லெட்டே 1603, 1604-05, 1623 என்று மூன்று அச்சுகளில் மூன்று விதமாக இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே காட்சியில், தாய் அவனுடைய நாக்கைப் பொறுப்பற்ற நாக்கு என்கிறாள். அதற்கு மகன் சொல்லும் பதிலில் 1604-05 அச்சில் அவளுடையது பொல்லாத நாக்கு, 1623 அச்சில் அவளுடையதும் பொறுப்பற்ற நாக்கு. எதை எடுப்பது என்று பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டும். உ.வே.சா. ஏடுகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்த்த கதையைப் பள்ளியில் படித்த நமக்கு இது அந்நியமான வேலையே இல்லை. கைடில் இதெல்லாம் வராது.

முதலில் மூலத்தைப் படியுங்கள், விமர்சனத்தை அப்புறம். புரியாத இடத்தில் அடிக்கோடு போட்டுவிட்டு மேலே போங்கள், நின்றுவிட வேண்டாம். பழைய நூல் என்றால் ஒரு சொல்லுக்கு இன்றைய பொருளை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். 1884இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒரு சொல் எந்த வருடத்தில் எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்று மேற்கோளோடு காட்டும். கல்லூரி நூலகத்தில் தூசி தட்டாமல் இருக்கும் பெரிய புத்தகங்களில் அது ஒன்று. முடிந்தவரை வாய்விட்டுப் படியுங்கள், விடுதியில் இருப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

இது நமக்கு ஒத்துவருமா என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஏதாவது ஒரு நாடகத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்து, சுருக்கம் எதுவும் பார்க்காமல், இரண்டு முறை படியுங்கள். பாதிதான் புரியும். அந்தப் புரியாத மீதி உங்களை உறுத்திக்கொண்டே இருந்தால் தாராளமாகச் சேருங்கள், உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் சரி. தூக்கம்தான் வந்தது என்றால் அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை, வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன, உங்கள் கட்டுரையிலேயே இருக்கின்றன.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த வருடம் இதே வழிகாட்டிப் பக்கம் வரும்போது, இந்தப் படிப்புக்கு அதே மூன்று வரியைத் திரும்பப் போடாமல், முதல் வருடப் பாடத்திட்டத்திலிருந்து ஒரு கவிதையையும் அதன்மேல் கேட்கத் தகுந்த இரண்டு கேள்விகளையும் அச்சிடுங்கள். விடை எழுதி அனுப்புகிறவர்களின் கடிதங்களில் நாலைந்தை வெளியிடுங்கள். திருத்த ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
இளங்கலை ஆங்கிலம் நடத்தும் கல்லூரி ஆசிரியர் ஒருவர்